வேற்றுலகத்தாருக்கு ஒரு தூதுவர்

கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸுக்குச் சமீபத்தில், குன்றின்மேல் நீல விமானத்துடன் நிற்கும் தேசியக் கோளரங்கத்தைக் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள வாசகர்கள் அறிவர். 1994இல் திறக்கப்பட்ட அதனை உருவாக்குவதில் முன்னின்றவர் மஸ்லான் ஒத்மான் அம்மையார். பிற்காலத்தில் அவர் ஐக்கிய நாடுகள் சபையின் விண்வெளி அலுவலகத்துக்குத் தலைவரானார்.

2010 செப்டம்பரில் இலண்டன் பத்திரிகையொன்று ஒரு செய்தி வெளியிட்டது. வேற்றுலகத்தார் பூமிக்கு வந்தால், மனித சமூகத்தின் சார்பில் அவர்களை வரவேற்கும் தூதுவராக அம்மையார் நியமிக்கப்படுவாராம்! செய்தி உலகெங்கும் பரவிற்று. அம்மையாரோ அதனை மறுத்துவிட்டார்.

நிற்க. அறிவுள்ள உயிர்கள் வேறெங்கேனும் இருக்கக்கூடுமா? இருக்கக்கூடும் என்பதே நமது அபிப்பிராயம். நமது பால்வீதியில் மட்டும் 10,000 கோடிக்குக் குறையாத விண்மீன்கள் உள்ளன. சூரியனையொத்த விண்மீன்களைச் சுற்றும் கோள்களும் 1995 முதல் கண்டறியப்பட்டு வருகின்றன.

ஆனால், இருப்பது வேறு. இங்கு வந்து போவது வேறு. சூரியனுக்கு அடுத்துள்ள விண்மீனே 4.2 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர்-1 விநாடிக்கு 17 கிலோமீட்டர் ஓடுகிறது. அவ்வேகத்திலும் அத்தொலைவைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேலாகும். அவர்களுடைய கலம் இதனினும் விரைவானதாயிருக்கலாம். எனினும், வந்தார்கள் என்பதற்கு ருஜு எங்கே? இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.

நம் நாட்டுப் பெண்மணிக்கு இத்தகைய பதவியா என்று மகிழ்வது இயற்கையே. ஆயினும், பெருமை தரும் பொய்யும் பொய்யே. அம்மையாருக்கு மெய்யான பெருமை அக்குன்றின்மேல் நிற்கிறது. வாசகர்கள் தம் குழந்தைகளுடன் அங்கு சென்று, நம்புவதற்கு முன் ஆராயக் கற்பிப்பார்களாக!