சென்னையில் 16 நகர்வுகளில் வந்த சமநிலை: ஆனந்த் – கார்ல்சன் முதல் ஆட்டம்

சதுரங்கத்தில் சமநிலை என்றால் இருவருக்கும் அரைப் புள்ளி. தோல்வி தப்பியது என்று மட்டும் அதைப் பார்ப்பவர் பலர். கறுப்புக் காய்களுடன், பலமான எதிராளிக்கு எதிராகப் பெறும் அரைப் புள்ளிக்குத் தனி மதிப்பு உண்டு. 2013 நவம்பர் 9ஆம் திகதி சென்னையில் தொடங்கிய உலகச் சம்பியன் பட்டப் போட்டியின் முதல் ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். வெள்ளை நோர்வேயின் மக்னஸ் கார்ல்சன். கறுப்பு அப்போதைய உலகச் சம்பியன் விஸ்வநாதன் ஆனந்த்.

தொடக்கம்

கார்ல்சன் நடுப் பகுதிக்கு உடனே சிப்பாயை அனுப்பவில்லை. குதிரையை எஃப்3க்கும், பக்கச் சிப்பாயை ஜி3க்கும் நகர்த்தி, அமைச்சரை ஜி2இல் வைத்தார். ஆனந்தும் அதே போல ஜி6, அமைச்சர் ஜி7 என்று அமைத்தார். ஆறு நகர்வுகளின் பின் இரு ராஜாக்களும் கோட்டை கட்டியிருந்தனர். பலகை ஏறக்குறைய கண்ணாடியில் பார்த்தது போல இருந்தது.

திருப்பம்

11ஆவது நகர்வில் வெள்ளைச் சிப்பாய் சி5க்கு வந்து பி6 குதிரையைத் தாக்கியது. குதிரை பின்வாங்காமல் சி4க்குப் பாய்ந்து, பி2இல் இருந்த அமைச்சரைத் தாக்கியது. அமைச்சர் சி1க்கே திரும்ப வேண்டியதாயிற்று. கறுப்பின் மற்றைய குதிரை டி5இல் அமர்ந்தது.

வெள்ளை அரசி பி3க்கு வந்து சி4 குதிரையைத் தாக்க, அது ஏ5க்குச் சென்று அரசியைத் தாக்கியது. அரசி ஏ3க்கு விலக, குதிரை மீண்டும் சி4க்கு வந்து அரசியைத் தாக்கியது. இதே துரத்தல் மறுபடியும் நடந்தது. 17ஆவது நகர்வில் அரசி பி3க்குப் போனால் அதே நிலை மூன்றாம் முறை வந்துவிடும். ஆட்டம் 16 நகர்வுகளுடன் சமநிலையில் முடிந்தது.

மாணவர் கவனிக்க வேண்டியது

ஒரே நிலை, ஒரே தரப்பின் முறையில், மூன்று தடவை வந்தால் சமநிலை கோரலாம். அவை அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. ஆனால் நகர்வுகளைத் தாளில் எழுதியிருந்தால்தான் அதை நிரூபிப்பது எளிது.

அந்தப் போட்டியில் கார்ல்சன் 6.5–3.5 என வென்று பட்டத்தைப் பெற்றார். ஆனந்தின் 3.5 புள்ளிகளும் ஏழு சமநிலைகளில் வந்தவை. முதல் ஆட்டத்தில் மட்டும் திட்டத்தை மாற்ற வேண்டியிருந்தவர் கார்ல்சன்.

உடப்புசல்லாவையில் பயிற்றுநர் கிடைக்காத ஒரு தோட்டப் பாடசாலை மாணவியும் இந்த 16 நகர்வுகளை ஒரு பலகையில் அடுக்கிப் பார்க்கலாம். பலமானவர் முன்னால் தாக்குதலுக்கு உள்ளான காய் பின்னால் ஓடத்தான் வேண்டும் என்றில்லை. முன்னால் நல்ல கட்டம் இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும்.