சேனல் தொகுப்பும் கேபிள் கட்டணமும்: சென்னை முதல் சேர்வராயன் மலை வரை

தமிழகத்தில் கேபிள் சந்தா குறித்த மனக்குறை தனியார் சேனல்களோடு சேர்ந்தே வளர்ந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் 1995-இல் வந்தது. அக்காலத்தில் கேபிள்காரர் தரும் சேனல்கள் எல்லாம் ஒரே மாதக் கட்டணத்தில் அடங்கின. கட்டணச் சேனல்கள் பெருகியபோது, பார்க்காத சேனலுக்கும் பணம் கட்டுகிறோம் என்ற முறையீடு வலுத்தது.

அதற்கான முதல் தீர்வு 2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் அமலுக்கு வந்தது. இலவசச் சேனல்களுக்கு அடிப்படைக் கட்டணம் மட்டும். கட்டணச் சேனல் வேண்டுமானால் செட்டாப் பாக்ஸ் வாங்க வேண்டும். பெட்டிக்குச் செலவிடப் பலரும் தயங்கினர். தமிழகத்தில் சென்னைக்கு வெளியே இந்த ஏற்பாடு எட்டவில்லை.

சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுப் பகுதியில் சிக்கலே வேறு. காப்பித் தோட்டங்களுக்கும் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்களுக்கும் இடையே தொலைவு அதிகம். வீடுகள் நெருங்கியிருந்தால்தான் வயர் இழுப்பது ஆபரேட்டருக்குக் கட்டுப்படியாகும். 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் டிவியைத் தந்தது, இணைப்பைத் தரவில்லை. வயர் எட்டாத இடத்துக்கு டிஷ்தான் வழி. தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் தொடங்கிய டிடிஎச் சேவைக்கு மாதக் கட்டணம் இல்லை. முன்னணித் தமிழ்க் கட்டணச் சேனல்களும் அதில் இல்லை.

2007-இல் உருவான அரசு கேபிள் டிவி நிறுவனம், 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கத் தொடங்கியது. சேனலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அது தரவில்லை, தொகுப்பையே மலிவாக்கியது. மக்களின் கோபம் பெரிதும் தணிந்தது இதனால்தான் எனலாம்.

தேர்வுரிமையை மீண்டும் கொண்டுவந்தது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2017 மார்ச்சில் பிறப்பித்த கட்டண ஆணை. ஸ்டார் இந்தியாவும் விஜய் டெலிவிஷனும் சென்னை உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்த்தன. விசாரித்த இரு நீதிபதிகளும் மாறுபட்டதால் வழக்கு மூன்றாம் நீதிபதியிடம் சென்றது. 2018 மே மாதம் ஆணை செல்லும் எனத் தீர்ப்பானது. ஆனால் தொகுப்புக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் தள்ளுபடி கூடாது என்ற விதி மட்டும் விழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஆணையை உறுதிசெய்தது.

2019 பிப்ரவரியில் 100 சேனல்களுக்கான இணைப்புக் கட்டணமாகிய நெட்வொர்க் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய் என்றானது. 18 விழுக்காடு ஜிஎஸ்டியுடன் 153.40. சன் டிவி 19, கே டிவி 19, விஜய் 17 எனத் தனித்தனியே மூன்று சேனல் எடுத்தால் அப்போது மாதச் செலவு வரியோடு 218.30 ரூபாய் ஆனது. இந்த விதி கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் ஒன்றே. தள்ளுபடிக்கு வரம்பு இல்லாததால் ஒளிபரப்பாளர்கள் தொகுப்பின் விலையை வெகுவாகக் குறைத்தனர். தனிச் சேனல் வாங்குவது நட்டமாயிற்று. நீதிமன்றத்தில் விழுந்த அந்த ஒரு விதி இல்லாமல் தேர்வுரிமை பெயரளவில்தான் நின்றது. 2019 ஆகஸ்டில் அரசு கேபிள், கட்டணச் சேனல்கள் அடங்கிய தொகுப்பையே 130 ரூபாயும் வரியுமாகக் குறைத்து, தன் பழைய வழிக்குத் திரும்பியது.

தொகுப்பில் சேரும் சேனலின் விலை உச்சவரம்பை 19-இலிருந்து 12 ரூபாயாக்க டிராய் 2020-இல் முயன்றது. ஒளிபரப்பாளர்கள் வழக்காடினர். 2022 நவம்பரில் வரம்பு மீண்டும் 19 ஆனது. தள்ளுபடிக்கு 45 விழுக்காடு எல்லை வைக்கப்பட்டது. 2024 ஜூலையில் நெட்வொர்க் கட்டண உச்சவரம்பு நீங்கியது. பகுதிக்கேற்ப வேறுபட்ட தொகை வாங்கவும் அனுமதி உண்டு என்பதால், ஒரே நிறுவனம் சேலம் நகரில் ஒரு கட்டணமும் ஏற்காட்டில் வேறொரு கட்டணமும் வைக்க இப்போது விதி இடம் தருகிறது.