விசைப்பலகைக்குள் நெளியும் தூண்

தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து ஒரு சாண் நீளத்திற்கு நறுக்கிக்கொள்ளுங்கள். அதை மேசைமீது செங்குத்தாக நிறுத்தித் தலையில் விரலை வைத்து மெல்ல அழுத்துங்கள். முதலில் ஈர்க்கு அசையாமல் உங்கள் விரலைத் தாங்கி நிற்கும். அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், ஒரு கட்டத்தில் அது திடீரென்று பக்கவாட்டில் வில்போல் வளைந்துவிடும். விரல் சட்டென்று கீழே இறங்கும். விரலை எடுத்தால் ஈர்க்கு பழையபடி நிமிர்ந்துகொள்ளும்.

இந்தத் திடீர் வளைவை ‘நெளிவு’ என்று சொல்லலாம். ஒல்லியான தூண் எவ்வளவு பளுவில் நெளியும் என்று கணக்கிடும் வழியை 1744ஆம் ஆண்டில் கணித மேதை ஆய்லர் கண்டார். பாலமும் கட்டடமும் அமைப்பவர்களுக்கு நெளிவு என்பது அஞ்சத்தக்க பகை. அந்தப் பகையையே வேலைக்கு அமர்த்தி ஒரு விசைப்பலகை செய்தார்கள் என்றால் வியப்பாக இல்லையா? அப்படிச் செய்த பலகைகளுள் பல, 30, 40 ஆண்டுகள் கழிந்தும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. நாள் முழுதும் தட்டச்சு செய்வோரில் சிலர் புதியதை ஒதுக்கிவிட்டு அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அதன் காரணத்தை அறிய, தட்டெழுத்துப் பொறியின் காலத்திற்குச் செல்லவேண்டும்.

விரலின் வலிமையால் ஓடிய பொறி

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பவர் தம் நண்பர்களுடன் உருவாக்கிய தட்டெழுத்துப் பொறிக்கு 1868இல் காப்புரிமை பெற்றார். ரெமிங்டன் நிறுவனம் அதனைத் திருத்தி 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்பொறியில் எழுத்துக் கம்பியைத் தூக்கிக் காகிதத்தின்மீது அடிக்கும் வேலை முழுவதும் விரலுடையது. தட்டெழுத்துப் பயிற்சிப் பள்ளியில் பயின்றவர்களைக் கேளுங்கள். சுண்டுவிரல் பட்ட பாட்டைச் சொல்வார்கள்.

பின்னர் மின்சாரம் விரலுக்குத் துணையாக வந்தது. 1933இல் ஒரு மின் தட்டெழுத்துப் பொறி நிறுவனத்தை விலைக்கு வாங்கி ஐ.பி.எம். இத்துறையில் நுழைந்தது. 1961இல் அது வெளியிட்ட ‘செலக்ட்ரிக்’ பொறியில் எழுத்துக் கம்பிகளே இல்லை. பந்து போன்ற உருண்டை ஒன்றில் எல்லா எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருந்தன. உருண்டை திரும்பி, சாய்ந்து, வேண்டிய எழுத்தைக் காகிதத்தில் பதித்தது. கென்டக்கி மாநிலத்தில் உள்ள லெக்சிங்டன் நகரில் இப்பொறிகள் செய்யப்பட்டன. இந்த ஊரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை மீண்டும் இங்கேதான் வரும்.

விரலுக்கு ஒரு செய்தி

கணிப்பொறி வந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. இங்கே எந்தக் கம்பியையும் தூக்க வேண்டியதில்லை. ‘இந்த விசை அழுத்தப்பட்டது’ என்ற செய்தி மின்சுற்றுக்குப் போனால் போதும். விரலின் வலிமை தேவையற்றதாகிவிட்டது. ஆனால் விரலுக்கு வேறொன்று தேவைப்பட்டது. எழுத்து பதிந்ததா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரியும்? பழைய பொறியில் கம்பி காகிதத்தை அடிக்கும் ஓசையும் அதிர்வும் அதைச் சொல்லின. தாளைப் பார்த்துக்கொண்டே, பலகையைப் பாராமல் தட்டுபவருக்கு அந்தச் செய்தி இன்றியமையாதது.

ஐ.பி.எம். பொறியாளர் ரிச்சர்ட் ஹன்டர் ஹாரிஸ் கண்ட விடைதான் நெளிவு. 1972இல் அவர் பெற்ற காப்புரிமையின் தலைப்பே, அழுத்தத்தால் திடீரென நெளியும் தூணைப் பற்றியது. அதை மேம்படுத்தி 1978இல் மற்றொரு காப்புரிமையும் பெற்றார்.

அமைப்பு எளியது. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சிறு குழல். குழலுக்குள் எஃகுச் சுருள்வில் ஒன்று நிற்கிறது. வில்லின் அடி, ஊஞ்சல் பலகைபோல் ஆடக்கூடிய ஒரு சிறு தகட்டில் பொருந்தியிருக்கிறது. விசையை அழுத்தினால் சுருள்வில் முதலில் சுருங்குகிறது. ஏறத்தாழ 60 முதல் 70 கிராம் பளு ஏறியதும், நம் ஈர்க்கைப் போலவே அது சட்டென்று நெளிந்து குழலின் சுவரில் மோதுகிறது. ‘டக்’ என்ற ஓசை எழுகிறது. அதே நொடியில் அடித்தகடு சாய்ந்து மின்சுற்றுக்குச் செய்தி தருகிறது. விரலில் தடை குறைவதும், காதில் ஓசை விழுவதும், எழுத்து பதிவதும் ஒரே நிகழ்ச்சியின் மூன்று முகங்கள். ஆகவே விசையை அடிவரை ஓங்கி அடிக்க வேண்டியதில்லை.

மலிவாகப் பிறந்த முதியவர்

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிநபர் கணிப்பொறியுடன் 83 விசைகள் கொண்ட இத்தகைய பலகை வந்தது. ‘மாடல் எஃப்’ எனப்படும் அதில் தகடு சாயும்போது மின்தேக்குதிறன் மாறும். அம்மாற்றத்தைச் சுற்று உணரும். 1985இல் ‘மாடல் எம்’ தோன்றியது. இதில் மின்தேக்கி அமைப்பை நீக்கிவிட்டு, கடத்தும் கோடுகள் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை அடுக்கினார்கள். தகடு தாளை அமுக்கினால் கோடுகள் தொட்டுக்கொள்ளும். இதற்குச் செலவு குறைவு. இன்று ‘பழைய காலத்து உறுதி’ என்று போற்றப்படும் மாடல் எம், அன்று செலவைச் சுருக்கச் செய்யப்பட்ட மலிவுப் பதிப்பு! ஆனால் சிக்கனம் பிடித்தவர்கள் சுருள்வில்லில் கைவைக்கவில்லை. உள்ளே எஃகுத் தகடு தாங்க, அப்பலகை ஏறத்தாழ 2 கிலோ எடை இருந்தது.

அந்த வில் ஏன் ஓயவில்லை? ஒரு கணக்குப் போடுவோம். நிமிடத்திற்கு 40 சொல் தட்டுபவர், சொல்லுக்கு ஒரு முறை இடைவெளி விசையை அழுத்துகிறார். ஒரு மணிக்கு 2,400 முறை. நாளுக்கு 5 மணி என்றால் 12,000 முறை. ஆண்டுக்கு 250 நாள் என்றால் 30 லட்சம் முறை! திரும்பத் திரும்ப வளைக்கப்படும் பொருள் களைத்து ஒடியும். ஆனால் எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. தகைவு அதற்குள் இருந்தால் அது எத்தனை முறை வளைத்தாலும் பெரும்பாலும் களைப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டில் புகைவண்டி அச்சுகள் ஒடிவதை ஆராய்ந்த ஜெர்மானியர் வோலர் இதைக் கண்டார். விசைப்பலகையின் வில் அந்த எல்லைக்குள்ளேயே நெளிகிறது.

1990களில் கணிப்பொறியின் விலை சரிந்தது. பலகையின் விலையும் சரிந்தாக வேண்டியிருந்தது. சுருள்வில்லின் இடத்தில் ரப்பர் குமிழ்கள் அமர்ந்தன. அக்குமிழும் நெளிந்துதான் விரலுக்குச் செய்தி சொல்கிறது. ஆனால் ரப்பர் காற்றிலுள்ள ஆக்சிஜனால் முதுமையடையும். குமிழ்கள் ஒரே விரிப்பாக இருப்பதால் ஒன்று கெட்டாலும் பலகையையே தூக்கி எறிவது வழக்கமாயிற்று. ஐ.பி.எம். 1991இல் லெக்சிங்டன் தொழிலகத்தை லெக்ஸ்மார்க் என்ற நிறுவனமாகப் பிரித்துவிட்டது. லெக்ஸ்மார்க் 1996இல் பலகை செய்வதை நிறுத்தியது. அதே ஊரில் அதே ஆண்டில் தோன்றிய யூனிகாம்ப் என்ற சிறு நிறுவனம் அச்சுகளையும் உரிமையையும் வாங்கி, கால் நூற்றாண்டுக்கு மேலாக அவ்வேலையைத் தொடர்ந்தது.

மாற விரும்புவோர்க்கு

பழையதற்குத் திரும்ப நினைப்பவர்கள் அதன் குறைகளையும் அறியவேண்டும். ஓசை மிகுதி, பக்கத்தில் குழந்தை உறங்கினால் விழித்துக்கொள்ளும். மேல்தட்டையும் அடித்தட்டையும் பிணைக்கும் பிளாஸ்டிக் ஆணிகள் காலப்போக்கில் ஒடியும். அவற்றை நீக்கித் திருகாணி போடவேண்டும். தேநீர் கொட்டினால் தாள்கள் பழுதாகும். செருகியும் பழைய வகை, மாற்றுக்கருவி தேவை. இது கைவலிக்கு மருந்தும் அன்று. மணிக்கட்டை நேராக வைப்பதும் இடையிடையே ஓய்வு கொடுப்பதும் எந்தப் பலகையிலும் வேண்டும்.

ஆனால் இக்குறைகளைக் கவனியுங்கள்: ஒவ்வொன்றையும் திருகாணியும் பொறுமையும் கொண்டு சரிசெய்யலாம். ஒரு வில் கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். இப்பலகை தோற்றதனால் மறையவில்லை. விலை மலிவின் முன் ஒதுக்கப்பட்டது. அடுத்த முறை ஒரு கருவி வாங்கும்போது விலையை மட்டும் கேளாதீர்கள். இதில் எந்த உறுப்பு முதலில் தேயும், அது தேய்ந்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள்.