மஞ்சள் பெட்டியிலிருந்து மின்னணு எந்திரம் வரை

மலர்க்குழு நண்பர்கள் தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் வரலாறு படித்தவர், ஏதாவது வரலாறாக எழுதித் தாருங்கள்" என்றார்கள். சேதுபதிகளைப் பற்றியும் பாம்பன் பாலத்தைப் பற்றியும் எழுத நம்மில் வல்லவர்கள் பலர் உண்டு. எனக்குப் பழக்கமான பொருள் ஒன்றுதான்: ஓட்டு. பள்ளி ஆசிரியனாகப் பணியாற்றிய முப்பது ஆண்டுகளுக்கு மேலான காலத்தில், தேர்தல் வந்தால் எனக்கு வாக்குச்சாவடி வேலையும் கூடவே வரும். நயினார்கோவில் சுற்றுவட்டாரத்தில் நான் பெட்டி தூக்காத கண்மாய்க்கரை குறைவு.

2001 சட்டமன்றத் தேர்தல். தமிழ்நாடு முழுவதும் மின்னணு எந்திரத்தில் வாக்களித்த முதல் சட்டமன்றத் தேர்தல் அது. ஒரு சிற்றூர்ச் சாவடியில், விரலில் மை வைத்துக்கொண்ட ஒரு மூதாட்டி மறைப்புக்குள் போகாமல் என் மேசையருகே நின்றார்.

"வாத்தியாரய்யா, நான் யாருக்குப் போட்டேன்னு இந்தப் பெட்டி சொல்லிப்பிடுமா? ஊருக்குள்ள தெரிஞ்சா பொல்லாப்பு."

"சொல்லாது ஆத்தா. தைரியமாப் போயிப் போடுங்க" என்றேன்.

அவர் போய்ப் போட்டுவிட்டு வந்தார். நான் சொன்ன பதில் முழுக்கச் சரிதானா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

தேர்தல் வரலாறு என்றதும் நாம் உத்திரமேரூருக்குப் போய்விடுவோம். முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரமாகச் சொல்கின்றன. முப்பது குடும்புகள், தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பெருமைக்குரியதுதான். ஆனால் நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உடையவர்களுக்குள் நடந்த பிராமணச் சபைத் தேர்வு அது. அங்கே நடந்தது குலுக்கல்; யாரும் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. ஆகவே யாருக்கும் பயந்து மறைக்க வேண்டிய தேவையும் எழவில்லை.

மறைக்க வேண்டிய தேவை எப்போது வருகிறது? நிலக்காரருக்கு எதிராகக் குத்தகைக்காரர் ஓட்டுப் போடும்போது வருகிறது. உலகம் இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் தென் ஆஸ்திரேலியாவும் 1856 இல் இரகசிய வாக்கெடுப்பைக் கொண்டுவந்தன. நாடாளுமன்றங்களின் தாய் என்று சொல்லப்படும் இங்கிலாந்திலோ 1872 வரை வாக்காளர் எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுப் பெயர் சொல்லித்தான் ஓட்டளித்தார். பண்ணையாரும் பக்கத்தில் நிற்பார்!

நம் மண்ணுக்கு வருவோம். 1935 ஆம் ஆண்டுச் சட்டப்படி 1937 இல் சென்னை மாகாணத் தேர்தல் நடந்தது. சொத்து, வரி, கல்வி இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால்தான் ஓட்டு. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கே அந்த உரிமை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக நிறப்பெட்டி வைத்தார்கள். காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. "மஞ்சள் பெட்டிக்கே ஓட்டு" என்ற முழக்கம் மாகாணம் முழுதும் கேட்டது. 215 இடங்களில் 159 காங்கிரசுக்குக் கிடைத்தன.

அந்தத் தேர்தலில் இராமநாதபுரத்தில் நின்றவர் யார்? சாட்சாத் இராமநாதபுரம் ராஜா. அவரை எதிர்த்துக் காங்கிரஸ் வேட்பாளராக நின்று வென்றவர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர். ஜமீன் மண்ணிலேயே ஜமீன்தார் தோற்றார். இந்த வெற்றிக்குக் காரணங்கள் பல. மறைப்புக்குள் போய் எந்தப் பெட்டியில் சீட்டைப் போட்டோம் என்பது வெளியே தெரியாததும் அவற்றில் ஒன்று என்பது என் துணிபு.

1951-52 இல் வயது வந்தோர் அனைவருக்கும் ஓட்டு வந்தது. நாடு முழுவதும் சுமார் 17 கோடியே 30 லட்சம் வாக்காளர்கள். அப்போதும் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, அதன்மேல் நிறத்துக்குப் பதில் சின்னம். வாக்குச்சீட்டில் எந்தக் குறியும் இட வேண்டியதில்லை. விரும்பிய பெட்டியில் போட்டால் போதும். இதில் ஓர் ஓட்டை இருந்தது. குறியிடாத சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் வைத்து வெளியே கொண்டுவந்து விற்றுவிடலாம். வாங்கியவர் அதைத் தன் ஆள் கையில் கொடுத்து உள்ளே அனுப்பலாம். எனவே 1962 பொதுத் தேர்தலில் ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களையும் அச்சிட்டு, முத்திரை குத்தி, ஒரே பெட்டியில் போடும் முறை பரவலாக வந்தது.

என் தலைமுறை அந்த முத்திரையில்தான் வளர்ந்தது. 1977 இல் நான் போட்ட முதல் ஓட்டும் அதுவே. சீட்டை முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் மடிக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! மாற்றி மடித்தால் ஈர மை அடுத்த சின்னத்தில் ஒட்டி ஓட்டுச் செல்லாமல் போய்விடுமே!

எண்ணும் இடத்தில் இன்னொரு நல்ல ஏற்பாடு இருந்தது. பல சாவடிகளின் சீட்டுகளை ஒரு டிரம்மில் கொட்டிக் கலந்து, பிறகு கட்டுக்கட்டாகக் கட்டி எண்ணுவோம். எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

எந்திரத்தின் கதை 1982 இல் கேரளத்தின் பரூரில் தொடங்கியது. சட்டத்தில் இடமில்லை என்று 1984 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் எந்திரம் வந்தது. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் ஒப்புகைச் சீட்டும் சேர்ந்தது. செல்லாத ஓட்டு ஒழிந்தது. விடிய விடிய எண்ணும் வேலையும் ஒழிந்தது. எந்திரத்தை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் டிரம் போய்விட்டது. ஒவ்வோர் எந்திரமும் தன் சாவடிக் கணக்கைத் தனியாகக் காட்டுகிறது. முகவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். நம் பக்கத்தில் ஒரு சாவடி என்றால் ஒரு ஊர். சில இடங்களில் ஒரே தெரு, ஒரே சமூகம். ஆத்தாவின் ஓட்டு தெரியாது; ஆத்தாவின் தெரு ஓட்டு தெரிந்துவிடும். "உங்க தெருவுல எங்களுக்கு எத்தனை விழுந்துச்சுன்னு தெரியும்ல?" என்று சாலை கேட்டுப் போனவர்களிடம் சொல்லப்பட்டதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். பல எந்திரங்களின் எண்ணிக்கையைக் கூட்டி மொத்தமாகக் காட்டும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008 இல் முன்மொழிந்தது. 2015 இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. கருவி இன்னும் எண்ணும் மேசைக்கு வந்து சேரவில்லை.

இரகசியம் மட்டும் போதுமா என்று மாணவர்கள் கேட்கலாம். போதாது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் என்ற நான்கு ஊராட்சிகளை மறக்க முடியுமா? தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே முறையான தேர்தலை நடக்கவிடவில்லை. 2006 இல்தான் நடந்தது. இவற்றில் கொட்டகச்சியேந்தல், 1985 வரை ஒன்றாயிருந்த நம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்து மண். நிற்கவே ஆளில்லாமல் செய்துவிட்டால் மறைப்புத் தட்டி எதற்கு? தலைவர் பதவியை ஏலம் விடும் ஊர்க்கூட்டமும் அதே ரகம்தான். கோயில் திருப்பணிக்கு என்று சொல்வார்கள். சாமி கேட்டதாக நான் அறியேன்.

நிறப்பெட்டி, சின்னப்பெட்டி, முத்திரை, டிரம் எல்லாமே எளியவன் ஓட்டைப் பெரியவர் கண்ணிலிருந்து காப்பாற்றச் செய்த ஏற்பாடுகள். ஒவ்வொரு முறையும் ஓட்டை எங்கே என்று யாரோ ஒருவர் கவனித்துச் சொன்னதால்தான் அடுத்த ஏற்பாடு வந்தது. இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளே, நீங்கள் எந்திரம் படிப்பவர்கள், சட்டம் படிப்பவர்கள், நாளை மேசைக்குப் பின்னால் உட்காரப் போகிறவர்கள். இந்த ஓட்டையை அடைப்பது உங்கள் தலைமுறையின் வேலை.

அந்த ஆத்தா இப்போது இல்லை. "சொல்லாது ஆத்தா" என்று நான் சொன்னதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நீங்கள் உண்மையாக்குங்கள்.