கார்டெல் கடல்மேடு

கார்டெல் கடல்மேடு என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்கு மேற்கே, பசிபிக் பெருங்கடலில் முழுவதும் நீருக்குள் அமைந்துள்ள ஒரு பாறை மலை ஆகும். பாயின்ட் ரேயஸ் முனையிலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், கண்டத்திட்டின் விளிம்பில் இது உள்ளது. இதன் மிக உயரமான முகடு கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 35 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மலையின் எந்தப் பகுதியும் நீருக்கு மேலே தெரிவதில்லை. 1989 முதல் இப்பகுதி தேசியக் கடல் காப்பகமாக உள்ளது. ஸ்கூபா முக்குளிப்பு (ஈழ வழக்கில் சுழியோடல்) செய்வோரிடையே இது நீண்ட பயிற்சியும் அனுபவமும் உடையவர்களுக்கு மட்டுமே ஏற்ற இடமாகக் கருதப்படுகிறது. கடலியல் அளவில் 35 மீட்டர் என்பது மிகக் குறைந்த ஆழம். ஆனால் மனித உடலுக்கு அது அப்படியல்ல என்பதே இதற்குக் காரணம்.

அமைவிடமும் தோற்றமும்

கடல்மேடு சுமார் 15 கிலோமீட்டர் நீளமும் 7 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. இதைச் சுற்றியுள்ள கண்டத்திட்டின் தரை ஏறத்தாழ 90 முதல் 120 மீட்டர் ஆழத்தில் உள்ளது. மேற்கே சிறிது தொலைவிலேயே கண்டத்திட்டு முடிந்து, கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குச் சரிகிறது.

முக்குளிப்போர் இதனைக் கடலடி மலை என்றே அழைப்பினும், புவியியலில் அச்சொல் பெரும்பாலும் ஆழ்கடல் தரையிலிருந்து எழும் எரிமலைகளைக் குறிக்கும். கார்டெல் கடல்மேடு எரிமலை அன்று. கருங்கல் வகைப் பாறையால் ஆனது. தமிழக மீனவர் கடலுக்குள் மறைந்திருக்கும் பாறைத் திட்டைப் 'பார்' என்பர். அச்சொல் இதற்கு நன்கு பொருந்தும்.

இந்தக் கருங்கல் இப்போதிருக்கும் இடத்தில் உருவானதன்று. சான் ஆண்ட்ரியாஸ் பிளவுக்கு மேற்கே உள்ள நிலப்பகுதி பசிபிக் தட்டுடன் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வீதம் வடமேற்கு நோக்கி நகர்கிறது. கடல்மேட்டின் பாறையும் அவ்வாறே தெற்கே இருந்து பல கோடி ஆண்டுகளில் இங்கு வந்து சேர்ந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அக்காலத்தில் இது கரையோரக் குன்றாகவோ தீவாகவோ நீருக்கு வெளியே நின்றது.

கண்டறிதல்

1853இல் அமெரிக்கக் கடற்கரை நில அளவைத் துறையைச் சேர்ந்த ஜார்ஜ் டேவிட்சன் இப்பகுதியில் கடல் ஆழம் குறைந்திருப்பதை முதன்முதலில் பதிவு செய்தார். 1869இல் எட்வர்ட் கார்டெல் இதனை விரிவாக அளக்க அனுப்பப்பட்டார். கடற்பறவைகளும் கடற்பாலூட்டிகளும் ஓரிடத்தில் திரளாகக் கூடியிருந்ததே அவருக்கு வழிகாட்டியாக அமைந்தது. கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி ஆழம் பார்க்கும் முறையில் அவர் மேட்டை அளந்தார். பின்னர் அவர் பெயரே இதற்கு இடப்பட்டது.

அதன்பின் நூறாண்டுக்கு மேலாக இந்த மலையை எந்த மனிதரும் நேரில் கண்டதில்லை. 1977இல் இயற்பியலாளர் ராபர்ட் ஷ்மீடர், கார்டெல் எக்ஸ்பெடிஷன்ஸ் என்ற இலாப நோக்கற்ற தன்னார்வக் குழுவை அமைத்தார். அக்குழுவினர் 1978 அக்டோபரில் முதன்முறையாக முகட்டுக்கு இறங்கினர். தொடர்ந்து 1980களிலும் அவர்கள் முக்குளித்து நிழற்படங்களும் உயிரின மாதிரிகளும் சேகரித்தனர். அறிவியலுக்குப் புதியனவான சில இனங்களும், அப்பகுதியில் அதுவரை அறியப்படாத பல இனங்களும் அவற்றில் இருந்தன. பின்னாளில் இவ்விடம் காப்பகமாக அறிவிக்கப்படுவதற்கு இந்தத் தரவுகள் முக்கிய ஆதாரமாயின. துறைசார் நிறுவனம் எதுவும் செய்யாதிருந்த ஒரு பணியை விடுமுறை நாட்களில் கூடிய தன்னார்வலர்கள் செய்து முடித்தது குறிப்பிடத்தக்கது.

உயிரினங்கள்

வசந்த காலத்திலும் கோடையிலும் இங்கு வடமேற்குக் காற்று கரைக்கு இணையாக வலுவாக வீசும். புவிச் சுழற்சியின் விளைவால் மேற்பரப்பு நீர் காற்றின் திசைக்கு வலப்புறமாக, அதாவது கரையை விட்டு விலகித் தள்ளப்படுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த, ஊட்டச்சத்து மிக்க நீர் மேலெழுகிறது. அதில் நுண்பாசிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்று, இறாலை ஒத்த கிரில் உயிரிகள் பெருகுகின்றன. கிரிலைத் தேடி நீலத் திமிங்கலங்களும் கூனல் திமிங்கலங்களும் வருகின்றன. ஹவாய்த் தீவுகளில் கூடு கட்டும் கருங்கால் அல்பட்ராஸ் பறவைகள் பெருங்கடலைக் கடந்து இவ்விடத்துக்கு இரை தேடி வருவது, அவற்றின் மீது பொருத்தப்பட்ட கருவிகள் மூலம் உறுதி செய்யப்பட்டுள்ளது.

முகடுகளில் வெறும் பாறையைக் காண்பது அரிது. கடற்பஞ்சுகள், ஸ்ட்ராபெரி அனிமோன் எனப்படும் செந்நிறப் பூவை ஒத்த உயிரிகள், ஊதா நிற ஹைட்ரோகோரல்கள் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக அடர்ந்து பாறையை மூடியுள்ளன. பல வகைப் பாறைமீன்கள் கூட்டமாக முகட்டுக்கு மேலே நிற்கும். சிவப்பு ஒளியை நீர் எளிதில் உறிஞ்சிவிடுவதால், இந்நிறங்கள் கைவிளக்கின் ஒளி படும் இடத்தில் மட்டுமே முழுமையாகத் தெரியும். விளக்கை அணைத்தால் எல்லாம் நீலம் கலந்த சாம்பல் நிறமாகிவிடும்.

முக்குளிப்பு

பொழுதுபோக்கு முக்குளிப்பில் முதல்நிலைச் சான்றிதழ் பெற்றவர் 18 மீட்டர் வரையும், அடுத்த நிலையினர் 30 மீட்டர் வரையும், ஆழ்முக்குளிப்புப் பயிற்சி பெற்றவர் 40 மீட்டர் வரையும் இறங்கலாம் என்பது பரவலான நடைமுறை. கார்டெல் கடல்மேட்டின் உச்சி 35 மீட்டரில் தொடங்குகிறது. ஆகவே மிக உயர்ந்த முகட்டைத் தொட்டவருக்கு எல்லைவரை எஞ்சுவது 5 மீட்டர் மட்டுமே. மேட்டின் பெரும்பகுதி அந்த எல்லைக்குக் கீழே உள்ளது. முகட்டைத் தவறவிட்டு விலகி இறங்கினால் கால் வைக்கத் தரையே எட்டாது.

ஆழம் எவ்வாறு நேரத்தைச் சுருக்குகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடும். கடல் மட்டத்தில் 1, 40 மீட்டரில் 5. நுரையீரல் நிரம்பத் தேவையான காற்றின் அளவும் அதே மடங்கில் கூடும். 11 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பினால் 2,200 லிட்டர் கிடைக்கும். ஒருவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பதாகக் கொண்டால் அது 110 நிமிடத்துக்குப் போதும். 40 மீட்டரில் 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

அந்த 22 நிமிடத்தையும் செலவழிக்க முடியாது. துணைவரின் காற்று திடீரென நின்றுவிட்டால் இருவரும் ஒரே சிலிண்டரில் மேலேற வேண்டும். பதற்றத்தில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர், இருவருக்கும் 60 லிட்டர் என வைத்துக்கொள்வோம். அடியில் நிலைமையைச் சீர்செய்ய ஒரு நிமிடம் ஆனால் 300 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலேற நாலரை நிமிடம். சராசரி அழுத்தம் 3 ஆதலால் 810 லிட்டர். 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிட நிறுத்தத்துக்கு 270 லிட்டர். ஆக 1,380 லிட்டரைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். மீதி 820 லிட்டர். இறங்குவதற்கு 2 நிமிடத்தில் 120 லிட்டர் போக, முகட்டில் தங்கக் கிடைப்பது 7 நிமிடம். பல மணி நேரப் படகுப் பயணத்துக்குப் பின் கிடைக்கும் இந்த 7 நிமிடத்தை நீட்டிக்கும் ஆசையில் சேமிப்புக் காற்றில் கைவைப்பது, மேலேறும்போது துணைவருக்குரிய காற்றை எடுத்துக்கொள்வதாகும்.

இரட்டைச் சிலிண்டர் எடுத்துச் சென்றால் இதே கணக்கில் முகட்டில் 29 நிமிடம் கிடைக்கும். ஆனால் அப்போது தடை வேறிடத்திலிருந்து வருகிறது. அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. 40 மீட்டரில் சுமார் 10 நிமிடத்துக்கு மேல் தங்கியவர் நேராக மேற்பரப்புக்கு வர இயலாது. வழியில் குறிப்பிட்ட ஆழங்களில் நின்று நைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். இல்லையெனில் அது குமிழ்களாகப் பிரிந்து மூட்டுவலி முதல் பக்கவாதம், மரணம் வரை விளைவிக்கும் அழுத்த நீக்க நோயை உண்டாக்கும். காற்றுப் பற்றாக்குறையைத் தீர்த்தவுடன், மேலே செல்லும் வழி மூடப்பட்டுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூரையே பொழுதுபோக்கு முக்குளிப்பையும் தொழில்நுட்ப முக்குளிப்பையும் பிரிக்கும் கோடு.

ஆக்சிஜன் அளவைக் கூட்டி நைட்ரஜனைக் குறைத்த நைட்ராக்ஸ் கலவை இதற்குத் தீர்வாகத் தோன்றலாம். ஆனால் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.4 வளிமண்டலத்தைத் தாண்டாதிருப்பது பாதுகாப்பு விதி. மிகைந்தால் முன்னறிவிப்பின்றி வலிப்பு வரலாம். நீருக்குள் வலிப்பு வந்தால் வாயிலுள்ள சுவாசக் கருவி நழுவி மூழ்கி இறக்க நேரிடும். பரவலாகப் பயன்படும் 32 விழுக்காடு ஆக்சிஜன் கலவைக்கு இவ்விதிப்படி எல்லை சுமார் 34 மீட்டர். அதாவது முகட்டுக்கு ஒரு மீட்டர் மேலேயே அது முடிந்துவிடுகிறது! 28 விழுக்காட்டுக் கலவை 40 மீட்டர் வரை செல்லும். ஆனால் அதனால் கிடைக்கும் கூடுதல் நேரம் சொற்பமே.

மூன்றாவது சிக்கல் நைட்ரஜன் மயக்கம். சுமார் 30 மீட்டரைத் தாண்டினால் நைட்ரஜன் மது அருந்தியதைப் போன்ற தடுமாற்றத்தை ஏற்படுத்தத் தொடங்கும். சிலருக்கு மகிழ்ச்சி, சிலருக்குக் காரணமற்ற அச்சம். காற்றுமானியைப் பார்த்தும் அதன் பொருள் மனதில் பதியாமல் போவது உண்டு. ஐந்து மடங்கு அடர்ந்த காற்றை இழுத்து நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும்போது உடலில் கரியமில வாயு தேங்கி மயக்கத்தை மேலும் கூட்டும். மேலே குறித்த கணக்குகளையெல்லாம் இந்த நிலையிலுள்ள மூளைதான் நினைவில் வைத்திருக்க வேண்டும். எனவே கணக்கைக் கரையிலேயே முடித்து எழுதி எடுத்துச் செல்வர்.

இக்காரணத்தால் இங்கு முக்குளிப்போர் ஹீலியம் சேர்ந்த டிரைமிக்ஸ் கலவையைப் பயன்படுத்துகின்றனர். காட்டாக 21 விழுக்காடு ஆக்சிஜன், 35 விழுக்காடு ஹீலியம், 44 விழுக்காடு நைட்ரஜன் உள்ள கலவையில் 40 மீட்டரில் நைட்ரஜனின் பகுதி அழுத்தம் 2.2 வளிமண்டலம். இது சாதாரணக் காற்றை 18 மீட்டர் ஆழத்தில் சுவாசிப்பதற்கு நிகர். ஆக்சிஜனும் மயக்கம் தரும் எனக் கொண்டு கணக்கிட்டால் 22 மீட்டருக்கு நிகராகும். ஹீலியம் விலை மிகுந்தது. உடல் வெப்பத்தையும் விரைவில் கடத்தும்.

குளிரும் நீரோட்டமும்

உயிரினங்களைச் செழிக்கச் செய்யும் அதே மேலெழும் நீர்தான் முக்குளிப்போருக்கு இடரும் ஆகிறது. நீரின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்கும். நீர் புகாத உலர் உடையும் தடித்த உள்ளாடையும் இன்றியமையாதவை. விரல்கள் விறைத்தால் சிறு கொக்கியைக்கூடக் கழற்ற முடியாது. நுண்பாசிகள் பெருகும் காலங்களில் பார்வைத் தொலைவு குறையும். வடமேற்குக் காற்று அடங்கும் இலையுதிர் காலமே பொதுவாக ஏற்றது.

படகுகள் பொடேகா விரிகுடா போன்ற துறைமுகங்களிலிருந்து புறப்படுகின்றன. எதிரொலி ஆழமானியால் முகட்டைக் கண்டறிந்து, எடை கட்டிய கயிற்றை மிதவையுடன் இறக்குவர். முக்குளிப்போர் அக்கயிற்றைப் பிடித்தே இறங்குவர். திரும்பும்போது கயிற்றைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அவரவர் மிதவையை மேலே அனுப்பிவிட்டு, நீரோட்டத்துடன் மிதந்தபடியே நிறுத்தங்களை முடிக்க வேண்டும். ஒரு நாட் வேக நீரோட்டத்தில் அரை மணி நேரம் மிதந்தால் இறங்கிய இடத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் விலகிவிடுவர். மூடுபனி அடிக்கடி சூழும் இக்கடலில் 900 மீட்டர் தொலைவிலுள்ள ஒரு தலையைப் படகிலிருந்து காண்பது அரிது. ஆகவே படகு நங்கூரமிடாமல் மிதவைகளைப் பின்தொடர்ந்துகொண்டே இருக்கும். படகோட்டியின் கவனம் இங்கு உயிர்காக்கும் கருவிகளுள் ஒன்று.

கலிபோர்னியாவின் இக்கடற்பகுதியில் பெரும் வெள்ளைச் சுறாக்கள் உண்டு. புதியவர்கள் முதலில் கேட்பதும் அதைப் பற்றியே. ஆனால் ஆழம், குளிர், நீரோட்டம் ஆகிய மூன்றுமே இங்கு திட்டமிடலின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. மேட்டில் சிக்கிக் கிடக்கும் பழைய மீன்பிடி வலைகளும் தூண்டில் கயிறுகளும் மற்றோர் இடர். மங்கிய ஒளியில் அவை கண்ணுக்குப் புலப்படா. அவற்றை அறுக்க எளிதில் எட்டும் இரு வேறு இடங்களில் கத்தி வைத்திருப்பது வழக்கம்.

காப்பகம்

1989இல் அறிவிக்கப்பட்ட காப்பகம் ஏறத்தாழ 1,370 சதுர கிலோமீட்டர் பரப்புடையதாக இருந்தது. 2015இல் சுமார் 3,330 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. இங்கு எண்ணெய், எரிவாயு அகழ்வு தடை செய்யப்பட்டுள்ளது. மேட்டின் மீதும், 50 பாகம் (சுமார் 91 மீட்டர்) ஆழக்கோட்டுக்கு உட்பட்ட பகுதியிலும் அடிவாழ் முதுகெலும்பற்ற உயிரிகளையோ பாசிகளையோ எடுப்பதும் சேதப்படுத்துவதும் குற்றமாகும். ஆய்வுக்காக எடுப்பதற்கு முன் அனுமதி தேவை. 2000களின் தொடக்கத்தில் டெல்டா என்ற சிறிய ஆய்வு நீர்மூழ்கியில் அறிவியலாளர்கள் இறங்கி, முக்குளிப்போர் எட்ட முடியாத சரிவுகளைக் கணக்கெடுத்தனர். 2017இல் நாட்டிலஸ் ஆய்வுக் கப்பல், தொலைவிலிருந்து இயக்கப்படும் கருவிகள் மூலம் காப்பகத்தின் ஆழ்கடல் பகுதிகளைப் படமெடுத்தது.