கன்னியாகுமரி மாவட்டக் கல்லறைத் தோட்டங்களும் தனியார் வணிகமும்

கல்லறைத் தோட்டம் என்பது கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவ சபைகள் தம் இறந்தோரை அடக்கம் செய்யும் இடம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் 18,70,374 பேர் வாழ்ந்தனர். சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,111 பேர். அவர்களில் கிட்டத்தட்ட 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். அடக்க நிலத்துக்கான தேவை இங்கே உண்டு, நிலமோ குறைவு. அப்படியானால் நாகர்கோவிலை ஒட்டி நிலம் வாங்கி, மனை பிரிப்பதுபோல் கல்லறைகளாகப் பிரித்து விற்கும் தொழில் நிற்குமா என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கான பதிலில் பாதி வரலாற்றில் உள்ளது.

வரலாறு

இம்மாவட்டத்தின் பழைய ஐரோப்பியக் கல்லறைகளில் புகழ்பெற்றது புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் உள்ள டி லனாயின் கல்லறை. குளச்சல் போருக்குப்பின் திருவிதாங்கூர் படைத்தலைவரான அவர் 1777-ல் இறந்தார். கோட்டைக்குள் இருந்த தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பின்னர் மயிலாடியில் ரிங்கல்தௌபேயும் நாகர்கோவிலில் சார்ல்ஸ் மீடும் சபைகளை வளர்த்தபோது ஆலயம், பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டம் மூன்றும் சேர்ந்தே ஊரில் வேர்விட்டன. இஸ்லாமியருக்கு ஜமாஅத்தின் மையவாடி. அய்யாவழியினரும் இறந்தோரை எரிப்பதில்லை, வடக்கு நோக்கி அமர்ந்த நிலையில் அடக்கம் செய்வது அவர்கள் வழக்கம். 1851-ல் மறைந்த அய்யா வைகுண்டர் அடக்கம் செய்யப்பட்ட இடமே சாமித்தோப்புப் பதி.

இவற்றுக்கு வெளியே இன்னொரு வழக்கமும் உண்டு. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் தென்னையும் ரப்பரும் நிற்கும் சொந்த விளையின் ஓரத்தில் குடும்பக் கல்லறைகளைக் காணலாம். தாத்தாவின் கல்லறைமேல் பேரன் புத்தகத்தை விரித்துப் படிப்பது இங்கே வியப்பான காட்சி அல்ல.

ஆக, அடக்க இடம் என்பது இங்கே சபை ஏட்டில் பெயர், ஜமாஅத்தில் இடம், அல்லது அப்பன் விட்டுச்சென்ற விளை. விலை கொடுத்து வாங்கும் வழக்கம் வேரூன்றவில்லை. சந்தா கட்டிவரும் குடும்பம் வெளியே போய்ப் பணம் கொடுத்துக் கல்லறை வாங்கக் காரணம் இல்லை. சபை மாறியவர்கள், சபையோடு பிணங்கியவர்கள், கல்லறைத் தோட்டம் இல்லாத சிறு ஜெபக்கூடங்களைச் சேர்ந்தவர்கள் ஆகியோரே இடமின்றி நிற்பவர்கள். மரணவீட்டில் சவப்பெட்டியை வைத்துக்கொண்டு இடம் கேட்டு அலைவதன் அவமானம் அவர்களுக்கே தெரியும்.

இங்கிலாந்தின் அனுபவம்

கல்லறையைத் தொழிலாக நடத்திய முன்மாதிரி பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உள்ளது. லிவர்பூலில் 1825-லும் லண்டன் கென்சல் கிரீனில் 1833-லும் பங்கு நிறுவனங்கள் கல்லறைத் தோட்டங்களைத் திறந்தன. தேவாலய முற்றங்கள் நிரம்பி வழிந்த காலம் அது, ஆகவே வணிகம் நன்றாக நடந்தது. 1839-ல் திறக்கப்பட்ட ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில்தான் கார்ல் மார்க்ஸ் இருக்கிறார். ஆனால் இடம் விற்றுத் தீரத்தீர வருமானம் குறைந்தது, பராமரிப்புச் செலவு நின்றபாடில்லை. ஹைகேட் புதர் மண்டிச் சிதைந்தது. 1975-ல் அமைக்கப்பட்ட ஆர்வலர் அமைப்பே அதை மீட்டது.

நிலமும் கணக்கும்

இதே கணக்கை நாகர்கோவில் பக்கம் போட்டுப் பார்க்கலாம். எட்டடி நீளம், நான்கடி அகலம் கொண்ட ஒரு குழிக்கு இடைவெளியும் நடைபாதையும் சேர்த்தால் ஏறத்தாழ 50 சதுர அடி வேண்டும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, எட்டுக் குழிகள் கொள்ளும். நூறு சென்ட் கொண்ட ஓர் ஏக்கரில் சுற்றுச்சுவர், வண்டிப்பாதை, ஜெபமண்டபம் ஆகியவற்றுக்கு மூன்றிலொரு பங்கு போனால் மிஞ்சுவது 530 கல்லறைகள். அத்தனையும் விற்ற மறுநாளே வருமானம் நிற்கும், காவலாளியின் சம்பளம் நிற்காது. விற்கும் விலையில் ஒரு பகுதியைத் தொடாத வைப்புநிதியாக வைக்காத எவரும் இத்தொழிலில் இறங்கக்கூடாது என்பேன்.

அடுத்த தடை உரிமம். 1999-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கிராம ஊராட்சி விதிகளின்படி புதிய இடுகாட்டுக்கு ஊராட்சியின் உரிமம் தேவை. பதிவோ உரிமமோ இல்லாத இடத்தில், குடியிருப்புக்கோ குடிநீர் ஆதாரத்துக்கோ 90 மீட்டருக்குள் புதைக்கக்கூடாது. ஓரிடத்தைச் சுற்றி 90 மீட்டர் என்றால் ஆறு ஏக்கருக்கு மேல் வரும். வீட்டுக்கு ஒரு கிணறும் விளைக்கு ஒரு வீடுமாகப் பரந்த ஊர்களில் அப்படியொரு வெற்றிடம் அரிது. இனி விளையில் அடக்கம் செய்வதற்கும் இதுவே சிக்கல். உரிமம் கேட்டால் அண்டை நிலத்துக்காரர் எதிர்ப்பார், தம் நிலத்தின் விலை விழும் என்பது அவர் கவலை.

சென்னையில் கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைத் தோட்டங்களை நடத்துவது நிறுவனம் அல்ல, ஓர் அறக்கட்டளை. அங்கும் இடம் நெருக்கடிதான், பழைய குடும்பக் கல்லறையைத் திறந்து மறுபடி அடக்கம் செய்கிறார்கள். கேரளத்தில் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய சபைகளின் பிணக்கில் அடக்கங்கள் தடைபட்டபோது, குடும்பக் கல்லறையில் அடக்கம் பெறும் உரிமையை 2020-ல் அரசே சட்டமாக்கியது. குமரியில் இடமின்றி நிற்பவர்களுக்கு, பல சிறு சபைகள் சேர்ந்து நிலம் வாங்கி உரிமம் பெறும் அறக்கட்டளை வடிவமே தனியார் நிறுவனத்தைவிட நடைமுறைக்கு அருகில் உள்ளது. நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சியானது. அதன் எல்லைக்கு வெளியே சென்ட் விலை இன்னும் ஏறாத ஊராட்சிகளில்தான் அதற்கான நிலத்தைத் தேட வேண்டும்.