இருப்புப் பாதையும் வான்வழியும்

பிறந்த மண்ணை நீங்கிப் பிழைப்பின் பொருட்டு இந்நாகபுரியில் வாழும் நம் போன்றோர்க்குப் பிரயாணம் வெறும் பொழுதுபோக்கு அன்று. ஊரோடும் உறவோடும் நம்மைப் பிணைக்கும் கயிறு அது. அக்கயிறு திரிக்கப்பட்ட வரலாற்றை இவ்வாண்டு விழாவில் சற்றே நோக்குவோம்.

தென்னாட்டின் முதற் புகைவண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. நாகபுரிக்குப் பம்பாய்த் திசையிலிருந்து 1867இல் இருப்புப் பாதை வந்தது. எனினும் சென்னைக்கு நேர்வழி வாய்க்கவில்லை. காசிப்பேட்டைக்கும் பல்லார்ஷாவுக்கும் இடையே பாதை அமைந்த பின்னரே, 1929இல், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. அதுகாறும் சுற்றுவழியே கதி.

அவ்வண்டியில் செல்லும் இன்பம் நம் காலனிக் குழந்தைகளும் அறிந்ததே. கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைப் பிரிக்கும்போதே எதிர் இருக்கைக்காரர் உறவினர் ஆகிவிடுவார். கோதாவரிப் பாலத்தில் வண்டி தடதடக்கும்போது முதியோர் கைகூப்புவர். கிருஷ்ணையில் காசு எறிவர். நிலையந்தோறும் தேநீர் விற்பவன் குரல் மராத்தியிலிருந்து தெலுங்காகி, தெலுங்கிலிருந்து தமிழாகும். ஏறத்தாழ 1,100 கிலோமீட்டரில் பாரத நாட்டுப் படம் கண்முன் விரிகிறது. இதனைப் பள்ளிப் புத்தகம் கற்பிக்க இயலுமோ?

இனி வான்வழியைக் காண்போம். 1911 பிப்ரவரி 18ஆம் நாள் ஹென்றி பெக்கே என்னும் பிரெஞ்சுக்காரர் அலகாபாத்திலிருந்து நைனிக்குச் சுமார் 6,500 கடிதங்களுடன் பறந்தார். 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொணர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியே சென்னை சேர்த்தார். இந்நாட்டில் வான்வழி முதலில் கடிதத்துக்காகவே திறந்தது. மனிதன் பின்னரே இடம் பெற்றான் என்பது இதனால் விளங்கும்.

இதற்குச் சிறந்த சான்று நம் நாகபுரியே. 1949 ஜனவரி 30ஆம் நாள் இரவு விமானத் தபால் திட்டம் தொடங்கிற்று. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களினின்றும் இரவில் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் இங்குச் சோனேகாவ் நிலையத்தில் கூடும். தபால் பைகளை மாற்றிக்கொண்டு, விடியுமுன் தத்தம் ஊர் திரும்பும். சென்னையிலிருந்து தில்லி செல்லும் பிரயாணியும் அந்தப் பைகளைப் போலவே நடுநிசியில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும். ஒரு விமானம் தாமதித்தால் மற்றவற்றில் செல்வோரும் தூக்கக் கண்களோடு காத்திருக்க வேண்டியதே. 1973இல் அத்திட்டம் முடிவுற்றது.

திட்டம் முடிந்தது, காத்திருத்தல் முடியவில்லை. விமானக் கடத்தல்கள் நிகழ்ந்தபின் சோதனைகள் பெருகின. இன்று சென்னைக்குப் பறக்கும் நேரம் இரண்டு மணிக்கும் குறைவே. ஆயின் இரண்டு மணி முன்னதாகச் சென்று, வரிசையில் நின்று, இடுப்பு வாரைக் கழற்றி, பெட்டியின் எடையைக் கண்டு அஞ்சி, மூடுபனி விலகுமா என்று வானத்தைப் பார்த்து நிற்கின்றோம். அவசரப்பட்டவன் அமர்ந்திருக்கிறான்! மேலே சென்றாலோ, கிருஷ்ணையும் இல்லை, கோதாவரியும் இல்லை; மேகமே உண்டு.

இருப்பினும், புகைவண்டி இலாகாவில் ஊழியம் புரியும் அடியேனும் விமானத்தைப் பழிக்கத் துணியேன். முன்னாளில் தந்தி வந்ததும் வண்டியேறிய மகன், ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து சென்னை சேர்ந்து, அங்கிருந்து தஞ்சைக்கோ நெல்லைக்கோ செல்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கொள்ளி வைக்க வேண்டியவன் பால் தெளிப்புக்கே போய்ச் சேர்ந்தான். தாய் முகம் காணாத அத்துயரைச் சுமந்தோர் நம் காலனியிலும் உளர். இன்று காலையில் செய்தி கேட்டவன் மாலைக்குள் அம்முகத்தைக் காண இயலுமாயின், அதற்காக எத்தனை வரிசையிலும் நிற்கலாம்.

ஆகவே அன்பர்களே, துயர் அழைக்கும்போது பறந்து செல்வோம். விடுமுறை அழைக்கும்போது மக்களைப் புகைவண்டியில் அழைத்துச் செல்வோம். நாகபுரிக்கும் நம் ஊருக்கும் இடையே எத்துணை ஆறுகள், எத்துணை மொழிகள், எத்துணை மனிதர்கள் உளர் என்பதை அவர்கள் சன்னலோரத்தில் அமர்ந்து அறியட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!